முதல் கார் பழைய செடானா? பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

முதல் கார் வாங்கக் கிளம்பும் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் வரும். ஒவ்வொருவரும் தன் வீட்டு வண்டியைத்தான் சொல்வார். பழைய வண்டியைப் பொறுத்தவரை இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் இறங்கிய இரண்டு கார்கள் எட்டு வருடம் கழித்து ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று ஒரே ஆளின் கையில், காலம் தவறாமல் ஆயில் மாற்றப்பட்டு ஓடியிருக்கும். மற்றது நாலு கை மாறி, இரண்டு முறை இடிபட்டு, விற்பதற்கு முந்தின வாரம் பாலிஷ் போடப்பட்டிருக்கும். பெயர்பெற்ற மாடலில் பராமரிப்பில்லாத வண்டியைவிட, சுமாரான மாடலில் ஒழுங்காக வைத்திருந்த வண்டியே மேல். கீழே வரும் படிகள் எல்லாமே வண்டி கடந்துவந்த அந்த வருடங்களைத் தெரிந்துகொள்ளத்தான்.

செடான் உங்களுக்கு ஒத்துவருமா?

செடான் என்றால் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, ஆட்களுக்கு ஒரு பெட்டி, சாமானுக்குத் தனியாக ஒரு டிக்கி. உயரம் குறைவு என்பதால் வளைவுகளில் அதிகம் சாயாது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும். டிக்கி தனியாக மூடியிருப்பதால் பின்சக்கரச் சத்தமும் சாமான் உருளும் சத்தமும் உள்ளே குறைவாகவே கேட்கும். குறைகளும் உண்டு. டிக்கி ஆழமாக இருந்தாலும் வாய் குறுகல். பெரிய அட்டைப்பெட்டியோ மடித்த சக்கர நாற்காலியோ நுழையாமல் போகலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து எழுவது சிரமம். வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கரடுமுரடான சாலையில்தான் தினமும் போகவேண்டும் என்றால் அடிப்பகுதி தட்டாமல் இருக்க எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வாங்குபவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பல சந்தைகளில் மக்களின் ஆசை எஸ்யூவி பக்கம் திரும்பிவிட்டது. அதனால் அதே வயது, அதே தரமுள்ள செடான் சற்று மலிவாகக் கிடைக்கும். கூடவே ஒரு ஆபத்தும் வருகிறது. டாக்ஸிக்கும் வாடகைக்கும் ஓட்டுபவர்கள் விரும்புவதும் செடானைத்தான். அப்படி ஓடிய வண்டிகள் பிறகு சொந்த உபயோக வண்டி என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். அதில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதிக்கு ஏற்ற வண்டியைத் தேடுங்கள். பெயர் மாற்றம், காப்பீடு, ஆயில்கள், ஒருவேளை நாலு டயரும் ஒரு பேட்டரியும் முதல் மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகையை விழுங்கிவிடும். கடன் வாங்குவதாக இருந்தால் வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே எவ்வளவு கிடைக்கும், என்ன வட்டி என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் கடன் திட்டத்தில் மாதத் தவணை சிறிதாகத் தெரியும். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைப் பெருக்கிப் பாருங்கள்.

மாடலைக் குறைத்துக்கொள்ளும் விதம்

முதல் வண்டி சலிப்பூட்டும் வண்டியாக இருக்கட்டும். ஊரெல்லாம் ஓடுகிற, எந்த மெக்கானிக்கும் கைவைக்கத் தயங்காத, உதிரிபாகம் எங்கும் கிடைக்கிற மாடல் போதும். டொயோட்டா கொரோலா 1966-லிருந்தும் ஹோண்டா சிவிக் 1972-லிருந்தும் தலைமுறை தலைமுறையாக விற்பனையில் இருக்கின்றன. இப்படி நெடுநாள் விற்ற வண்டிகளில் எது எப்போது கெடும் என்பது மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. நீங்கள் இருக்கும் இடத்தில் அதிகம் விற்ற செடான் வேறாக இருந்தால் அதையே பாருங்கள். அபூர்வமான சொகுசுக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதன் உதிரிபாகங்கள் மட்டும் மலிவாகிவிடவில்லை என்பதை மறக்கவேண்டாம்.

வயது நான்கிலிருந்து எட்டு வருடத்துக்குள் இருப்பது வசதி. விலை பெருமளவு இறங்கியிருக்கும்; ரப்பர், பிளாஸ்டிக், மின்கம்பிகள் இன்னும் முதுமை அடைந்திருக்காது.

இன்ஜினிலும் கியரிலும் எளிமையைத் தேடுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினும் மேனுவல் கியரும் பழுதுபார்க்க எளிதான ஜோடி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால், இன்ஜின் விசையைத் திரவம் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை பொதுவாக நீடித்து உழைக்கும். படிப்படியாக மாறாமல் தொடர்ச்சியாக மாறும் சிவிடி (CVT) கியரில் ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டதற்கான ரசீது இருந்தால் யோசிக்கலாம். ரசீது இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், குறிப்பாக ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் வகையில், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடிய வண்டி சீக்கிரம் தேய்ந்துபோயிருக்கும். புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நன்றாகச் சூடேறினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு டீசல் சரிப்படாது.

இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் கேட்டறியுங்கள். செயின் பெரும்பாலும் இன்ஜின் உள்ளவரை ஓடும், ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்தால். ரப்பர் பெல்ட்டுக்குக் காலக்கெடு உண்டு. பல இன்ஜின்களில் அது ஒரு லட்சம் கி.மீ.க்கு முன்னோ பின்னோ வரும்; கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டு, ஓடும்போது பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளின் மேல் மோதிவிடும். அந்தச் செலவு சில சமயம் வண்டியின் விலையையே நெருங்கிவிடும். "பெல்ட் மாற்றியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது, ரசீதைப் பாருங்கள்.

போனிலேயே பாதி வேலை

விளம்பரத்தைப் பார்த்ததும் கிளம்பிப் போகாதீர்கள். போனில் பேசினாலே பாதி வண்டிகள் கழிந்துவிடும். எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது, ஏன் விற்கிறீர்கள், சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றனவா, எங்காவது இடித்திருக்கிறதா, கடன் பாக்கி உண்டா, இரண்டு சாவியும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலைவிடப் பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். "பின் பம்பர் ஒருமுறை பட்டது, மாற்றினேன்" என்று சட்டென்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். "நண்பருடைய வண்டி, நான் விற்றுக் கொடுக்கிறேன்" என்று இழுத்தால், அந்த நண்பரோடுதான் பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோளை வையுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்." ஆறிக்கிடக்கும் இன்ஜின் சொல்லும் உண்மைகளைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். அங்கே போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காகிதங்கள்

வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன்பே காகிதங்களைப் பாருங்கள். வண்டி மேல் ஆசை வந்தபிறகு காகிதத்தில் உள்ள ஓட்டைகள் கண்ணில் படாது.

1981-க்குப் பிறகு வந்த கார்களில், வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண் பொதுவாகப் பதினேழு எழுத்து, எண்களைக் கொண்டது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழப்பம் வராமலிருக்க ஐ (I), ஓ (O), க்யூ (Q) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது. பதிவுச் சான்றில் உள்ள எண்ணையும் முன்கண்ணாடியின் அடியில், கதவுத் தூணில், வண்டியின் உடலில் பொறித்துள்ள எண்களையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்காவது ராவியிருந்தாலோ, தகடு புதிதாக ஒட்டியது போலிருந்தாலோ, எழுத்து மாறியிருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது திருட்டு வண்டியாகவோ, இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியதாகவோ இருக்கலாம்.

விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். கடனில் வாங்கிய வண்டியென்றால், கடன் தீர்ந்ததாக வங்கி கொடுத்த கடிதமும், பதிவில் கடன் குறிப்பு நீக்கப்பட்டதும் இரண்டும் தேவை. பல நாடுகளில் இதைப் பதிவு எண்ணைக் கொண்டு அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். அபராத பாக்கி, காப்பீட்டு இழப்பீடு, பழைய பரிசோதனைகளில் பதிவான கிலோமீட்டர் ஆகியவையும் சில இடங்களில் கிடைக்கும்.

அதே சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் இதுவும் உண்டா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் ஒரு பாடம்: அதில் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுச் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் அந்த நிறுவனமே திவாலானது. அந்தப் பாகம் மாற்றப்படாமல் இன்றும் ஓடும் பழைய கார்கள் இருக்கின்றன. மாற்றித் தருவது கார் நிறுவனத்தின் செலவு. தெரிந்துகொள்வது உங்கள் வேலை.

பகல் வெளிச்சத்தில் உடலைப் பார்ப்பது

மழையில், இரவில், நிழலடித்த நிறுத்துமிடத்தில் வண்டி பார்க்காதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மூடிவிடும்.

வண்டியின் மூலையில் குனிந்து, பக்கவாட்டை நீளவாக்கில் பாருங்கள். பிரதிபலிப்பு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. கதவுக்கும் பானட்டுக்கும் டிக்கிக்கும் இடையே உள்ள கோடுகள் இருபுறமும் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். கதவைத் திறந்து, ஓர ரப்பரைச் சற்று விலக்கிப் பாருங்கள்; பெயின்ட் தூறல் அதன்மேல் படிந்திருந்தால் அந்தப் பக்கம் மறுபடி அடிக்கப்பட்டது. பானட்டையும் பக்கத் தகடுகளையும் பிடித்திருக்கும் போல்ட்களின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். பெயின்டின் கனத்தை அளக்கும் சிறிய கருவி கிடைத்தால் வாங்கிப் போங்கள். நிறுவனத்தில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரானுக்குள் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது பல மடங்கு எகிறினால் அடியில் பட்டி பூசியிருக்கிறது.

ஒரு கதவில் கீறல் விழுந்து பெயின்ட் அடித்தது பெரிய விஷயமில்லை. எட்டு வருடத்தில் எந்த வண்டியிலும் நடப்பதுதான். கவலைப்படவேண்டியது வண்டியின் எலும்புக்கூடான அடிச்சட்டம் அடிபட்டதற்குத்தான். செடானில் அதைப் பார்க்க நல்ல இடம் டிக்கி. கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அடித்தகட்டைத் தடவிப் பாருங்கள். சுருக்கம், கோணலான மடிப்பு, ஒழுங்கற்ற வெல்டிங், புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சு ஆகியவை பின்னாலிருந்து பலமாக இடி வாங்கியதன் அடையாளம். முன்பக்கம் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் இதையே தேடுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு வருடமாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். இன்றைய கார் முழுக்கக் கம்பிகளும் கணினிப் பெட்டிகளும்தான். துரு உள்ளேயிருந்து மெதுவாக வேலை செய்யும். இன்று ஜன்னல் இறங்காது, அடுத்த மாதம் வண்டியே கிளம்பாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை கோடாகத் தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், போல்ட்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு, விளக்குகளுக்குள் நீர்த்திவலை எல்லாவற்றையும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், எந்த நாற்றத்தை மறைக்க என்று யோசியுங்கள்.

மீட்டர் சொல்வதை நம்பலாமா?

டிஜிட்டல் ஓடோமீட்டரைத் திருத்துவது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அதற்கென்றே உள்ள கருவியைச் சொருகிச் சில நிமிடங்களில் குறைத்துவிடுகிறார்கள். ஆகவே மீட்டரை மட்டும் பார்க்காமல் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். முப்பதாயிரம் கி.மீ. என்று காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது. ஓட்டுநர் சீட்டின் வெளியோரம் நைந்திருக்காது. ஸ்டீரிங்கின் மேற்பகுதி பளபளக்காது. மிதி ரப்பரும் ஸ்டீரிங் உறையும் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். ஆயில் மாற்றிய ஸ்டிக்கர், பழைய சர்வீஸ் ரசீது ஆகியவற்றில் உள்ள கிலோமீட்டரைத் தேதிவாரியாக எழுதிப் பார்த்தால் எங்காவது எண்ணிக்கை பின்னோக்கிப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

டாக்ஸியாக ஓடியதைக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. சொந்தக் காரில் ஓட்டுநர் இருக்கைதான் அதிகம் தேயும், பின்சீட்டு கிட்டத்தட்டப் புதிதாக இருக்கும். பின்சீட்டு குழிந்து, பின்கதவுக் கைப்பிடி தேய்ந்து, கதவு மூடும்போது தொளதொளவென்று இருந்தால் அந்த வண்டி நிறையப் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறது. டேஷ்போர்டிலோ கூரையிலோ அடைத்த துளைகள், கதவின் உள்மடிப்பில் வேறு நிறம் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

குறைந்த கிலோமீட்டரே நல்லது என்றும் இல்லை. பத்து வருடத்தில் இருபதாயிரம் மட்டும் ஓடி, மாதக்கணக்கில் நின்றே கிடந்த வண்டியில் டயரிலும் ரப்பர் குழாய்களிலும் வெடிப்பு விட்டிருக்கும். வருடத்துக்குப் பத்து முதல் இருபதாயிரம் வரை சீராக ஓடி, ரசீதோடு இருக்கும் வண்டியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்ஜினை எழுப்பும் முன்னும் பின்னும்

ஆறிய இன்ஜினில் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டும். கறுப்பாக இருப்பது தவறில்லை. தார் போல் கெட்டியாக இருப்பது தவறு. ஆயில் மூடியின் உட்புறம் வெண்பழுப்பு நுரை படிந்திருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் குறைந்திருந்தால், இன்ஜினின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கசியாமல் சேர்க்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ப் பகுதிகளில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் கொஞ்சம் நுரை வருவதுண்டு. அதனால் நுரையை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியவேண்டும். ஸ்டார்ட் ஆனபிறகு அணையவேண்டும். ஏர்பேக் விளக்கோ இன்ஜின் விளக்கோ முதலிலேயே எரியவில்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். எரிகிற விளக்கைவிட எரியாத விளக்கு மோசம்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகை வந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிரில் சில நிமிடம் வந்து மறையும் வெண்மை வெறும் நீராவி; சூடேறிய பிறகும் நிற்காமல் வரும் அடர்ந்த வெண்புகை, கூலன்ட் இன்ஜினுக்குள் போவதைக் காட்டும்.

முடிந்தால், வண்டியின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் சிறிய ஓபிடி (OBD) ஸ்கேனர் ஒன்றை இரவலாவது வாங்கிப் போங்கள். ஸ்டீரிங்குக்குக் கீழே அதற்கான துளை இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம் என்பதால் நீங்கள் பார்க்கும் வயதுள்ள வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும். பிழைக்குறி ஒன்றும் இல்லை என்று காட்டினால் உடனே மகிழவேண்டாம். அதே திரையில் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியலும் வரும். பெரும்பாலானவை முடியவில்லை என்று இருந்தால் யாரோ அண்மையில் பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்காக என்று கேளுங்கள்.

டயர் பேசும்

டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற குறியோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி. 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றவேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் கோணமான அலைன்மென்ட்டோ, அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனோ சரியில்லை. நாலு சக்கரத்திலும் நாலு மலிவு டயர் வெவ்வேறு பெயரில் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் டயருக்கே இப்படிச் செலவழித்தவர் தெரியாத ஆயிலுக்கு என்ன செய்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பது

தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவது ஓட்டிப் பார்ப்பதல்ல. குறைந்தது அரை மணி நேரமாவது, நெரிசலிலும் வேகச்சாலையிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுங்கள். பாட்டை நிறுத்திவிடுங்கள். விற்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், "கொஞ்சம் சத்தம் கேட்கணும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உங்களுக்கு ஓட்டும் பழக்கம் குறைவு என்றால் அனுபவமுள்ள ஒருவரை ஓட்டவிட்டு நீங்கள் பக்கத்தில் அமருங்கள்.

காலி இடத்தில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். டிக் டிக் என்று கேட்டால் ஆக்ஸில் மூட்டு தேய்ந்திருக்கிறது. சமதளத்தில் ஸ்டீரிங்கை லேசாக விட்டால் வண்டி நேராகப் போகவேண்டும். பின்னால் யாரும் வராதபோது அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஸ்டீரிங் அதிர்ந்தால் டிஸ்க் சீராக இல்லை, ஒருபக்கம் இழுத்தால் பிரேக் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகம் கூடக்கூட ரீங்காரம் ஏறி, வளைவில் திரும்பும்போது கூடவோ குறையவோ செய்தால் சக்கர பேரிங். பள்ளத்தில் இறங்கும்போது டொக்கென்று கேட்டால் சஸ்பென்ஷனின் இணைப்பு ரப்பரான புஷ்.

மேனுவல் வண்டியில் நாலாவது கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் இரைந்து, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது உதறக்கூடாது. நின்ற நிலையிலிருந்து ரிவர்ஸில் போட்டதும் வெகுநேரம் யோசிக்கவும் கூடாது.

ஏசியை முழுக்கப் போட்டு நெரிசலில் நின்று பாருங்கள். சூட்டுமானியின் முள் நடுவே அசையாமல் இருக்கவேண்டும். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சில கோளாறுகள் சூட்டில்தான் வெளிவரும். வண்டிக்கு அடியில் சொட்டுவது தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி நீர், கவலையில்லை. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் கவலைப்படுங்கள்.

உங்கள் மெக்கானிக், அவருடையவர் அல்ல

இவ்வளவும் பார்த்தபிறகும் வண்டி பிடித்திருந்தால், கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்கும் வசதி இருக்கட்டும். "வண்டி நல்லாயிருக்கா?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, உடனே செய்யவேண்டிய வேலை என்ன, ஒரு வருடத்துக்குள் வரப்போகும் வேலை என்ன, இரண்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவே உங்களுக்கான பதில்.

டீலரிடம் வாங்கினால் சற்று அதிக விலை, சில மாத உத்தரவாதம், காகித வேலை அவர்கள் பொறுப்பு. நேரடியாக உரிமையாளரிடம் வாங்கினால் விலை குறையும், வண்டி யார் கையில் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். உத்தரவாதம் என்றால் எந்தெந்தப் பாகத்துக்கு என்று எழுத்தில் படித்துவிட்டுத்தான் அதற்குக் காசு கொடுக்கவேண்டும்.

பேரம்

மெக்கானிக் எழுதிக்கொடுத்த சீட்டுதான் உங்கள் பேரப் பேச்சு. வண்டியைக் குறைசொல்லி விற்பவரைச் சீண்டவேண்டாம். "டயர் இரண்டு, முன் பிரேக், இவ்வளவு ஆகும்" என்று சீட்டைக் காட்டிக் கேட்டாலே விலை இறங்கும். இன்று இரவுக்குள் முடிக்கவேண்டும், இன்னொருவர் பணத்தோடு காத்திருக்கிறார் என்றால், அந்த இன்னொருவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முன்பணம் சிறிய தொகையாக இருக்கட்டும். வண்டி எண், பேசிய விலை, காகிதம் சரியில்லாவிட்டால் திருப்பித் தருவதாக ஒரு வரி, இரண்டு கையெழுத்து ஆகியவை அந்த ரசீதில் இருக்கட்டும். மீதியை வங்கி வழியாகக் கொடுங்கள்.

சாவி கைக்கு வந்தபின்

உங்கள் பெயரில் காப்பீடு நடைமுறைக்கு வந்தபிறகே வண்டியை எடுத்துவாருங்கள். பெயர் மாற்றத்தை விற்பவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் கூடவே போய் முடியுங்கள். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள். சிப் உள்ள சாவியைப் புதிதாகச் செய்வது செலவு. திரையில் பழைய உரிமையாளரின் போன், முகவரிகள் இருக்கும். ஆரம்ப நிலைக்கு மாற்றிவிடுங்கள். வண்டியோடு இணைந்த செயலி இருந்தால் அவருடைய கணக்கை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் தன் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முன்பு என்ன மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாத எல்லாவற்றையும் மாற்றுங்கள்: இன்ஜின் ஆயில், அதன் வடிகட்டி, காற்று வடிகட்டி, கூலன்ட். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம், பழைய வண்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். கியர் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சில புத்தகங்களில் இருக்கும். அது யாருடைய ஆயுள் என்று சொல்லியிருக்காது. நிறுவனம் குறிப்பிட்ட அதே வகை ஆயிலாக இருப்பது இதில் முக்கியம். பேட்டரி ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.7-க்கும் 14.7-க்கும் இடையிலும் காட்டினால் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலம்.

ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை என்று முதல் நாளிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள். முதல் ஆயிரம் கி.மீ. வரை வாரம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் ஆறி நிற்கும்போது ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்த்து அதிலேயே குறித்துவையுங்கள். ஆயில் ஒவ்வொரு வாரமும் இறங்கிக்கொண்டே வந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல், அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போங்கள்.